எல்லை தாண்டும் சீசன் டிக்கெட்

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் காலை பத்து மணிக்கு ஷட்டர்கள் ஏறுகின்றன. பில் கவுண்டரில் உட்காருகிறவர்கள், புடவையைப் பிரித்துக் காட்டுகிறவர்கள், குடோனில் மூட்டை அவிழ்க்கிறவர்கள் என்று உள்ளே போகும் கூட்டத்தில் சிலர் அன்று காலையில் பல் தேய்த்தது வேறொரு மாநிலத்தில். மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகத்திலும் அடையாறு ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். சூலூர்பேட்டை, தடா, நாயுடுபேட்டை, நகரி, புத்தூர் என்று ஊர்கள் மட்டும் மாறும். இருட்டில் ஆந்திராவில் ரயிலேறி, பகல் முழுக்கச் சென்னைக்காரராக இருந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு மறுபடி ஆந்திராவுக்குப் போய்ச் சேருகிறவர்கள் இவர்கள்.

தினமும் இரண்டு முறை மாநில எல்லையைத் தாண்டுகிற இவர்களிடம் அதற்கென்று இருக்கும் ஒரே ஆவணம் சீசன் டிக்கெட்.

சூலூர்பேட்டையிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 83 கிலோமீட்டர். அக்கம்பேட்டை, தடா வரை ஆந்திரா. அடுத்த ஆரம்பாக்கம் தமிழ்நாடு. நிலையப் பலகையில் தெலுங்கு மறைவதைத் தவிர எல்லைக்கு வேறு அடையாளம் கிடையாது. பெட்டிக்குள் அதுவும் தெரியாது. சீட்டுக் கச்சேரியில் ஒருவர் தமிழில் கேட்பார், எதிரே இருப்பவர் தெலுங்கில் பதில் சொல்வார், மூன்றாமவர் இரண்டையும் கலந்து திட்டுவார். எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் பெட்டி நிரம்பும். சூலூர்பேட்டையில் ஜன்னலோரம் பிடித்தவருக்குத்தான் தூங்கும் பாக்கியம். பொன்னேரியில் ஏறுகிறவருக்குக் கைப்பிடி கிடைத்தாலே போதும்.

வண்டி சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் வந்து நிற்கும்போது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். 1985-ல் தீப்பிடித்து எரிந்த பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த நிலையம் இது. அங்கே பயணம் முடிந்துவிடுவதில்லை. தி.நகர் போகிறவர் சுரங்கப்பாதையில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடித்து மாம்பலத்தில் இறங்க வேண்டும். மயிலாப்பூர்க்காரருக்குப் பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயில். திருமயிலையில் இறங்கினால் கபாலீஸ்வரர் கோயில் நடக்கிற தூரம்தான். அடையாறு போகிறவர் அதே வண்டியில் கஸ்தூர்பா நகர் வரை போவார். அவசரமென்றால் மெட்ரோ இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் அவசரமும் பணத்தைப் பார்த்துத்தான் வரும்.

இந்த இரண்டாவது கட்டத்தில் ஒரு கண்ணி அறுந்தாலும் முதல் கட்டத்தில் பட்ட பாடு வீண். நான்காவது ரயில் பாதைப் பணிக்காகக் கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27-ல் நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29-ல். பதினான்கு மாதம்! மயிலாப்பூர்வாசிக்கு அது எரிச்சல். சென்ட்ரலில் இறங்கி மயிலாப்பூர் வரவேண்டிய வெளியூர்க்காரருக்கு அது தினசரி அரை மணி நேரத் தூக்கம். நல்லதும் நடந்திருக்கிறது. மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரையிலான ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தாமல் அலுவலகம் போய்ச் சேர முடிவது அதனால்தான்.

மயிலாப்பூரில் போட்ட கோடு

இவர்கள் தாண்டுகிற கோடு எங்கே போடப்பட்டது என்று தேடிப்போனால், அது ஆரம்பாக்கத்திலும் இல்லை, தடாவிலும் இல்லை. மயிலாப்பூரில் இருக்கிறது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில், லஸ் முனைக்கு அருகே இருந்த புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் 1952 அக்டோபர் 19 அன்று பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சாம்பமூர்த்தி சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர். டிசம்பர் 15 இரவு ஸ்ரீராமுலு அதே வீட்டில் உயிரை விட்டார். ஆந்திரப் பகுதிகள் பற்றி எரிந்தன. ரயில் நிலையங்களும் கும்பலின் இலக்காயின. நான்கே நாளில், டிசம்பர் 19-ல், ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் மாநிலம் பிறந்தது. கர்நூல் தலைநகர்.

ஸ்ரீராமுலு சென்னையில் பிறந்தவர். பம்பாயில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ரயில்வே ஊழியராக இருந்த ஒருவரின் மரணத்தால் பிறந்த எல்லையைத்தான் இன்றைக்கு ரயில் பயணிகள் தினமும் தாண்டுகிறார்கள். 2008-ல் நெல்லூர் மாவட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். சூலூர்பேட்டை அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2022-ல்தான் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது.

கோடு போடுவது அத்தனை சுலபமாக முடிந்துவிடவில்லை. 'மதராஸ் மனதே' என்று ஒரு பக்கம் முழங்க, 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்று ம.பொ.சி. எதிர்முழக்கம் எழுப்பினார். நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா மூவரும் இருந்த குழு, சென்னை நகரை விட்டுக்கொடுத்தால்தான் ஆந்திரா என்று 1949-லேயே சொல்லியிருந்தது. புது மாநிலத்தின் தலைநகரம் கொஞ்ச காலத்துக்காவது சென்னையிலிருந்து இயங்கட்டும் என்ற யோசனையும் வந்தது. ராஜாஜி அதற்கு இடம் கொடுக்கவில்லை. சென்னை விவகாரம் முடிந்தபிறகும் எல்லைச் சண்டை திருத்தணி, சத்தியவேடு பக்கம் தொடர்ந்தது. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் பல கிராமங்கள் சத்தியவேடு பக்கம் போயின. இன்றைக்கு அரக்கோணம் வழியாக வரும் புத்தூர், நகரிப் பயணிகள் திருத்தணிக்கு முன்னால் தாண்டும் எல்லை அந்த 1960-ஆம் ஆண்டுக் கோடு. நாட்டிலேயே மிக நீளமான பெயர் கொண்ட ரயில் நிலையங்களில் ஒன்றான வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை அந்த எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கம் இருக்கிறது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் வண்டி தமிழ்நாட்டுக்குள் வந்துவிடும் என்று பயணிகள் கிண்டலடிக்க எல்லா நியாயமும் உண்டு.

தி.நகர், அடையாறு வரைபடத்தைப் பார்த்தால் இந்தக் கோட்டுக்கு முந்தைய காலம் இன்னும் அழியாமல் இருக்கிறது. பேட்டைக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியும், பனகல் பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் ராஜாவும் தெலுங்கு பேசியவர்கள். பனகல் ராஜா பிறந்தது காளஹஸ்தியில். அடையாற்றில் ஆந்திர மகிளா சபாவைக் கட்டியெழுப்பிய துர்காபாய் தேஷ்முக்கின் பெயரில் சாலையே இருக்கிறது. நெல்லூரிலிருந்து வேலை தேடிச் சென்னைக்கு வருவது 1953-க்கு முன்னால் வெறும் ஊர் மாற்றம். ஒரே மாகாணத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வந்தார்கள், அவ்வளவே.

ரயில்வே கண்டுகொள்ளாத எல்லை

சென்னையையும் விஜயவாடாவையும் கடற்கரையோரமாக இணைத்த பாதை 1899-ல் முடிந்தது. அப்போது ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே எல்லை கிடையாது. பிற்பாடு எல்லை வந்தும் ரயில்வே அதற்காகத் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் நெடுங்காலமாகக் கூடூர் வரை நீண்டிருந்தது. சூலூர்பேட்டை நிலைய அதிகாரி ஆந்திர மண்ணில் உட்கார்ந்துகொண்டு சென்னைக்குப் பதில் சொன்னார். அதனால்தான் சென்னைப் புறநகர் ரயில், வேறெந்தப் பேச்சுவார்த்தையும் இல்லாமல், இன்னொரு மாநிலத்தின் ஊருக்குள் சர்வசாதாரணமாகப் போய் வருகிறது.

இதன் அருமை ஓசூர்க்காரரைக் கேட்டால் தெரியும். ஓசூரிலிருந்து பெங்களூர் வேலைக்குப் போகிறவர்கள் நெரிசலில் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் கூப்பிடு தூரம். இணைத்துவிடலாமே என்றால், தமிழ்நாட்டுப் பக்கம் ஆய்வு செய்தவர்கள் 25 கிலோவோல்ட் மேல்நிலை மின்கம்பியில் ஓட்டத் திட்டமிட்டார்கள். பெங்களூர் வண்டிகளோ தண்டவாளத்துக்கு அருகே போகும் 750 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டும் சேராது என்று பெங்களூர் மெட்ரோ நிறுவனம் கையை விரித்தது. மின்சாரம் மட்டும் காரணமா, தமிழ்நாட்டு ஊருக்குப் பெங்களூர் ஏன் ரயில் விட வேண்டும் என்று அங்கே எழுந்த குரல்களும் காரணமா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடலாம். 1899-ல் போட்ட பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. கோடு வருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது.

ரயில்வேக்கு வேறொரு எல்லை உண்டு. மாதாந்திர சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் தூரம் வரைக்கும்தான் கொடுப்பார்கள். இந்த 150-ஐ வைத்துக்கொண்டு சென்னையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், யார் தினமும் வந்துபோக முடியும், யாரால் முடியாது என்பது தெரிந்துவிடும். கூடூர் ஏறத்தாழ 138 கிலோமீட்டர், வட்டத்துக்குள் இருக்கிறது. திருப்பதி 147 கிலோமீட்டர் போல, மயிரிழையில் உள்ளே. நெல்லூர் 175-ஐத் தாண்டுவதால் வெளியே. அதனால் பிட்ரகுண்டாவிலிருந்து காலையில் சென்னைக்கு வந்து மாலையில் திரும்பும் எக்ஸ்பிரஸில் நெல்லூர்க்காரர் ஒரு கணக்குப் போட வேண்டும், கூடூர்க்காரர் வேறு கணக்கு. திருப்பதியிலிருந்து காலையில் கிளம்பும் கருடாத்ரி எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் வியாபாரிகளும் அலுவலகம் போகிறவர்களும் நெருங்கி உட்கார்ந்திருப்பது அந்த மயிரிழை புண்ணியத்தில். சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் அபராதம். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

புதுச்சேரிக்கு இந்த வட்டமே உதவாது. விழுப்புரம் சுற்றி வரும் ரயில் பாதை 200 கிலோமீட்டருக்கு அருகே போகிறது. அதனால் அங்கே எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துதான். திருவான்மியூரில் இறங்கினால் அடையாறு பத்து நிமிடம். தினமும் வருகிறவர்கள் குறைவு. திங்கள் காலையில் வந்து, வெள்ளி மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

2025 ஜூலை 1-ல் ரயில் கட்டணத்தை உயர்த்தியபோதும் ரயில்வே புறநகர்க் கட்டணத்திலும் சீசன் டிக்கெட்டிலும் கை வைக்கவில்லை. ஏன் என்று யோசிக்க ரொம்பத் தூரம் போக வேண்டாம். சென்னையின் கடைகளும் அலுவலகங்களும் இந்த மலிவான டிக்கெட்டின் மேல்தான் சம்பளம் நிர்ணயிக்கின்றன. மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகும் சம்பளத்தை ஒரு பில்லிங் கிளார்க்குக்கு யாரும் தருவதில்லை. வாடகையாவது மாதா மாதம். அட்வான்ஸ் என்று மொத்தமாகக் கேட்கிறார்களே, அது எங்கிருந்து வரும்? 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொல்கிறது. வேறு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதற்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சென்னையின் வீட்டுக்காரர்களில் பலர் அந்த இரண்டாவது வரியை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறார்கள். சூலூர்பேட்டையில் சொந்த வீடும் அம்மா சமையலும் இருக்கும்போது, தினம் ஐந்து மணி நேரத்தை ரயிலுக்குக் கொடுப்பது அங்கே யாருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது.

நிஜ எல்லை கும்மிடிப்பூண்டி

மாநில எல்லையை ரயில்வே மதிக்கவில்லை என்றால் சூலூர்பேட்டைக்காரருக்கு என்னதான் குறை? குறை கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் 1979-ல் ஓடத் தொடங்கியது. இன்றும் வடக்குத் தடத்தின் பெரும்பாலான வண்டிகள் அங்கே வரைக்கும்தான். அதைத் தாண்டி சூலூர்பேட்டை போகிறவை சில. ராத்திரி கடை மூடிக் கணக்கு முடித்து ஒன்பதரைக்கு வெளியே வருகிற தி.நகர் ஊழியருக்கு எல்லைக்கோடு என்பது கால அட்டவணையில் இருக்கும் கடைசி சூலூர்பேட்டை வண்டிதான். அதை விட்டால் கும்மிடிப்பூண்டி வரை ஒரு வண்டி, பிறகு ஷேர் ஆட்டோவோ பேருந்தோ பைக்கோ, கிடைத்தது எதுவோ அது.

ஏன் வண்டி கூட்ட முடியவில்லை என்ற கேள்விக்குப் பதில் தண்டவாளத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து அத்திப்பட்டு வரை நான்கு பாதைகள். அதற்கு வடக்கே இரண்டு. ஹௌரா, டெல்லி, விஜயவாடா போகிற எக்ஸ்பிரஸ்களும், நிலக்கரி வண்டிகளும், புறநகர் வண்டிகளும் அந்த இரண்டில்தான் போட்டி போட வேண்டும். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட லோக்கலை மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ ஓரம் கட்டுவார்கள். 'சிக்னல்ல போட்டுட்டான்' என்பது இந்தத் தடத்தில் வணக்கம் மாதிரி புழங்கும் வாக்கியம். மேலே ஏறி வந்தால் பேசின் பிரிட்ஜில் இன்னொரு நிறுத்தம். சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நடைமேடை காலியில்லை. தாமதம் எல்லை மீறும்போது பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி உட்கார்ந்துவிடுவதும் நடந்திருக்கிறது.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நேராகப் போக வேண்டிய பாதையை விட்டுக் கிளைப் பாதையில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. ஆனால் பெட்டிகள் தடம்புரண்டு பாதையை அடைத்துக்கொள்ள, வடக்கே போகும் வாசல் மூடிக்கொண்டது. இரண்டே பாதை இருக்கும் இடத்தில் ஒரு விபத்து என்றால் மாற்று வழி கிடையாது என்பதை அந்த இரவு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது. சூலூர்பேட்டைக்காரர்களுக்கு அது முன்பே தெரியும்.

அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது பாதை பல ஆண்டுகளாகக் காகிதத்தில் இருக்கிற திட்டம். அது முடிந்தாலும் நான்கு பாதையும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும்.

ஓட்டு அங்கே, வரி இங்கே

ரயிலில் தெரியாத எல்லை வேறு இடங்களில் முகத்தைக் காட்டுகிறது. 2024 மக்களவைத் தேர்தலையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு. சென்னை அலுவலகங்கள் மூடின. சூலூர்பேட்டைக்காரருக்கு ஓட்டில்லாத ஒரு விடுமுறை கிடைத்தது. அவருக்கு ஓட்டு மே 13-ல், ஆந்திராவில், சட்டமன்றத்துக்கும் சேர்த்து. அன்றைக்குச் சென்னையில் வேலை நாள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்களிக்கும் உரிமை உள்ள ஊழியருக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்கிறது. வேலை ஒரு தொகுதியிலும் ஓட்டு இன்னொரு தொகுதியிலும் இருந்தாலும் இது பொருந்தும். சட்டம் இருக்கிறது. கல்யாண முகூர்த்த சீசனில் ஜவுளிக்கடை மேலாளரிடம் போய் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தொழில் வரி சென்னை மாநகராட்சிக்குப் போகிறது. வேலை செய்கிற இடத்தில் கட்ட வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வசூலிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவு உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த வரியை வாங்கிக்கொள்ளும் மாநகராட்சிக்கு அவர் வாக்காளர் இல்லை. அவர் தெருவில் தண்ணீர் வராவிட்டால் அதற்குப் பொறுப்பும் இல்லை. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குத் தமிழ்நாட்டு ரேஷன் அட்டை வேண்டும். சூலூர்பேட்டைப் பெண் இருபது வருடம் தி.நகரில் உழைத்திருந்தாலும் அந்த ஆயிரம் ரூபாய் அவருக்கில்லை.

பேருந்து விஷயத்தில் மட்டும் அந்தப் பெண்ணுக்கு இரட்டை யோகம். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாம்பலத்திலிருந்து அடையாறு வரை நடத்துநர் எந்த ஊர் என்று கேட்பதில்லை. 2025 ஆகஸ்ட் 15-ல் ஆந்திராவும் 'ஸ்த்ரீ சக்தி' என்று அதே சலுகையைத் தொடங்கியது. ஆக, வீட்டிலிருந்து சூலூர்பேட்டை நிலையம் வரை இலவசம். சென்னைக்குள்ளும் இலவசம். இரண்டு மாநிலத்தையும் சேர்க்கிற பேருந்துக்கு மட்டும் ஆந்திரச் சலுகை கிடையாது. எல்லைக்கோட்டுக்கு விலை இருக்கிறது என்பது இதைவிட எளிமையாக விளங்காது.

பைக்கில் வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஆந்திராவில் பெட்ரோல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம். அதனால் தடாக்காரர் டேங்கை நிரப்புவது ஆரம்பாக்கத்தில். எல்லையோர பெட்ரோல் பங்க்குகளின் வியாபாரத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் வரி குறைவு என்று பொருளாதாரப் புத்தகம் படிக்காமலே சொல்லிவிடலாம்.

பண்டிகைகளில் பிரச்சினை அதிகமில்லை. தெலுங்கு வருடப் பிறப்பு தமிழ்நாடு அரசின் விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள். ஆனால் தனியார் கடைக்கு அரசுப் பட்டியல் பொருந்தாது, அதிலும் பொங்கலுக்கு முந்தைய வாரம் தி.நகரில் லீவு கேட்பது மாநில எல்லை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

சுவர் எழும்பிய ஏப்ரல்

எழுபது ஆண்டுகளில் அந்தக் கோடு நிஜமாகவே சுவராக மாறியது ஒரே ஒரு முறை. 2020 மார்ச் ஊரடங்கில் ரயில்கள் நின்றன. இ-பாஸ் இல்லாமல் மாநிலம் தாண்ட முடியாது என்று ஆனது. ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் சித்தூர் எல்லையில் இரண்டு சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டது. எதிர்ப்புக் கிளம்பவும் அவசர அவசரமாக இடித்தார்கள். தொற்றைத் தடுக்கச் சுவர் கட்டிய அந்த யோசனையை இப்போது சிரித்துக்கொண்டே நினைவுகூரலாம். அன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் வீடும் இந்தப் பக்கம் வேலையும் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

சென்னைப் புறநகர் ரயில் அக்டோபர் 5-ல் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக மட்டும் மீண்டும் தொடங்கியது. நவம்பரில் பெண்களுக்கு, டிசம்பரில் மற்றவர்களுக்கு, அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும் என்று தவணை முறையில் கதவு திறந்தது. கடைகள் முன்பே திறந்துவிட்டன. ரயில் இல்லாத அந்த இடைவெளியில் வேலையை இழந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு எந்த மாநில அரசிடமும் இருக்க வாய்ப்பில்லை. ஒரு மாநிலத்துக்கு அவர்கள் வெளியூர்த் தொழிலாளர், இன்னொன்றுக்கு வெளியே வேலை பார்ப்பவர்.

எதிர்த் திசைக் கூட்டம்

காலையில் சென்னை நோக்கி வரும் கூட்டத்தை மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் வடக்கே போகும் கம்பெனிப் பேருந்துகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிரம்பியிருக்கிறார்கள். தடாவுக்கு மேற்கே ஸ்ரீ சிட்டி. சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில், ஆந்திராவுக்குள் ஒரு எட்டு மட்டும் எடுத்து வைத்த தொழில் நகரம். இசுசு வாகனங்கள், சாக்லேட், கைபேசி, கட்டுமான இயந்திரங்கள் என்று அங்கே உருவாகாதது குறைவு. சென்னைத் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் நம்பி, ஆந்திர அரசின் சலுகையை வாங்கிக்கொண்டு கட்டிய இடம் அது. படாஸ்கர் தீர்ப்பில் அந்தப் பக்கம் போன சத்தியவேடு வட்டாரம்தான் இது. கிராமங்களைக் கொடுத்து வாங்கிய 1960-ல் இந்த மண்ணுக்கு இப்படியொரு விலை வரும் என்று இரண்டு தரப்பும் நினைத்திருக்காது.

இன்னும் சற்று வடக்கே, சூலூர்பேட்டையிலிருந்து புலிகாட் ஏரியைக் கடந்து போனால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் சூலூர்பேட்டைக்கு உலகத்தின் கவனம் கிடைக்கும். மற்ற நாளில் அது சென்னை லோக்கலின் கடைசி நிலையம்.

தண்ணீர்கூட இந்த வழியில்தான் வருகிறது. 1983-ல் போட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டில் எல்லையைத் தாண்டிப் பூண்டி ஏரிக்குப் போகிறது. எத்தனை டி.எம்.சி. வந்தது என்று இரு மாநில அதிகாரிகளும் ஜீரோ பாயிண்டில் நின்று அளந்து எழுதுகிறார்கள். மனிதர்களை அப்படி அளக்க யாருமில்லை.

இதுதான் இந்தக் கதையின் மையம். டெல்லியில் 1985-லேயே சட்டம் போட்டு தேசியத் தலைநகர வட்டாரத் திட்ட வாரியம் அமைத்தார்கள். நொய்டா உத்தரப் பிரதேசம், குருகிராம் ஹரியானா என்றாலும் மெட்ரோ இரண்டுக்கும் போகிறது. 2023 அக்டோபரிலிருந்து நமோ பாரத் அதிவேக ரயில் மீரட் திசையில் ஓடுகிறது. நியூயார்க்கும் நியூஜெர்சியும் 1921-லேயே ஒரு கூட்டு ஆணையம் வைத்துக்கொண்டன. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் இரு மாநிலத்துக்கும் இடையே ஓடும் ரயிலை 1962-லிருந்து அந்த ஆணையம்தான் நடத்துகிறது. சென்னைக்கு அப்படி ஒன்று இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-ல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். எவ்வளவு விரித்தாலும் மாநில எல்லையில் நின்றுதானே ஆக வேண்டும்? நகரின் பேருந்து, ரயில், மெட்ரோவை ஒருங்கிணைக்க வந்த கும்டா ஆணையத்தின் அதிகாரமும் தமிழ்நாட்டோடு சரி. 2025–26 தமிழ்நாடு பட்ஜெட்டில் மூன்று மித அதிவேக ரயில் தடங்களுக்கு ஆய்வு அறிவித்தார்கள். சென்னையிலிருந்து ஒன்று விழுப்புரத்துக்கு, ஒன்று வேலூருக்கு, மூன்றாவது கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்கு. வடக்கே ஒன்றும் இல்லை.

திட்டம் போடுகிறவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. தங்கள் வாக்காளருக்குத்தான் எந்த அரசும் முதலில் ரயில் கேட்கும். சென்னை அரசுக்குச் சூலூர்பேட்டை வேற்றூர். அமராவதிக்கோ அது மாநிலத்தின் ஓரம், சென்னையில் வேலை பார்க்கிறவர்களின் ஊர். இருவருக்கும் நடுவில் இருக்கிற ரயில்வேயிடம்தான் பயணிகள் சங்கங்கள் மனு கொடுக்கின்றன. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கும்மிடிப்பூண்டியோடு நிற்கிற வண்டிகளில் காலையும் மாலையும் இன்னும் சிலவற்றைச் சூலூர்பேட்டை வரை நீட்ட வேண்டும், கடை மூடும் நேரத்துக்குப் பிறகு ஒரு வண்டி வேண்டும், அத்திப்பட்டுக்கு வடக்கே அந்த இரண்டு பாதைகளைப் போட்டு முடிக்க வேண்டும். கடைசிக் கோரிக்கை நிறைவேறும்வரை முதல் இரண்டுக்கும் 'பாதையில் இடமில்லை' என்பதே பதிலாக வரும்.